வாடகை பாக்கியில் நிற்கும் ஸ்பைடர்மேன்கள்

காமிக்ஸ், படம், விளையாட்டு என்று வந்த ஸ்பைடர்மேன்களில் மிகவும் பாவப்பட்டவன் எவன் என்று இங்கே நடக்கும் விவாதத்தில் அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி மேலே எழுதியிருப்பதைப் படித்தேன். 2004இல் வந்த இரண்டாம் படத்து ஸ்பைடர்மேன்தான் எல்லாரிலும் பாவப்பட்டவன் என்ற அவருடைய முடிவு எனக்கும் சம்மதமே. ஆனால் அந்த நடிகரின் முகத்தில் சோகம் அப்பிக் கிடக்கிறது என்று அவர் சொல்லும் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கடன் சங்கத்தின் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் நான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வேளையில் வளையலைக் கழற்றித் தராசில் வைக்கும் பீடித் தொழிலாளப் பெண்களில் பலர் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வைக்கிறார்கள். ஆகவே ஒருவருடைய கஷ்டத்தை முகத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் எனக்கு இல்லை. பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் அடைபட்டு நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். ஸ்பைடர்மேனின் முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கரின் வெவ்வேறு வடிவங்களையும் அப்படியே பார்த்துவந்திருக்கிறேன்.

எங்கள் வயதுக்காரர்களில் சிவகாசி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவன் வேறொருவன். லயன் காமிக்ஸில் வந்த அந்தப் பிரிட்டிஷ் ஸ்பைடர், குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் துடித்துப் பிறகு நல்லவன் பக்கம் சாய்ந்தவன். பறக்கும் வாகனமும் தனிக் கோட்டையும் வைத்திருந்த அவனிடம் வீட்டுக்காரர் யாரும் வாடகை கேட்டிருக்க முடியாது. அந்த நினைப்போடு இருந்ததால்தான், என் அக்காள் மகன் வைத்திருந்த ஆங்கிலத் தொகுப்பில் அமெரிக்க ஸ்பைடர்மேனின் பழைய கதைகளைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

1962இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பீட்டருக்கு 1963இல் தனி இதழ் தொடங்கியது. அதன் முதல் கதையிலேயே, அவனை வளர்த்த பென் மாமா இறந்தபின் வீட்டு வாடகைக்கு வழியில்லை. முகமூடி அணிந்து மேடையில் வித்தை காட்டுகிறான். கூலியாகக் காசோலை கிடைக்கிறது, ஆனால் அது ஸ்பைடர்மேன் என்ற பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது. வங்கியில் அடையாளச் சான்று கேட்கிறார்கள். உடையைக் காட்டினால், உடையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் காசாளர். இதை எங்கள் காசாளரிடம் சொன்னபோது அவர் சற்றும் இரக்கப்படவில்லை. “நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன் சார், தணிக்கையில யாரு பதில் சொல்லுதது?” என்றார். அதே கதையில் பென் மாமாவின் மனைவி மே அத்தை வாடகைக்காகத் தம் நகைகளை அடகு வைக்கிறார், பீட்டர் அதைப் பார்த்துவிடுகிறான். சூப்பர்மேன் மாதச் சம்பளம் வாங்கும் பத்திரிகை நிருபர், பேட்மேன் பரம்பரைச் செல்வந்தர் என்றிருந்த காலத்தில், நாயகனின் வீட்டு நகையை அடகுக் கடைக்கு அனுப்பிய துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அதே இதழில், சம்பளம் கிடைக்கும் என்று நம்பி ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர் ஹீரோக்களின் குழுவில் சேரப் போய், அங்கே சம்பளமே கிடையாது என்று தெரிந்து திரும்புகிறான். சிரிப்புக்காக எழுதப்பட்ட இடம்தான் என்றாலும், வேலை தேடி அலைந்த எவரும் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிப் போய்விட முடியாது.

இனி அண்ணாச்சி சொன்ன 2004ஆம் ஆண்டுப் படத்துக்கு வருகிறேன். தமிழில் பேசவைத்து வெளியிட்டபோது திருநெல்வேலியில் பார்த்தேன். பீட்சாவைக் குறித்த நேரத்துக்குள் சேர்க்க முடியாமல் வேலை போகிறது, வகுப்புக்குத் தாமதமாகப் போகிறான், பத்திரிகை அலுவலகத்தில் அவன் எடுத்த புகைப்படத்துக்குக் கிடைக்கும் தொகை ஏற்கெனவே வாங்கிய முன்பணத்துக்கே போதவில்லை, அறைக்குத் திரும்பினால் கதவருகே வாடகை கேட்டு வீட்டுக்காரர் நிற்கிறார். “வாடகை குடுக்க வழியில்லாதவன் ஊரைக் காப்பாத்துதானாக்கும்” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. எனக்கு அந்தக் கேலியிலேயே படத்தின் கணக்கு விளங்கிவிட்டது. இந்தப் பீட்டர் சோம்பலாலோ ஊதாரித்தனத்தாலோ ஏழையானவன் அல்லன். யாரையோ காப்பாற்றச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுடைய கூலியிலிருந்துதான் கழிகிறது, அந்தக் கழிவுக்கான காரணத்தை முதலாளியிடம் வாய்விட்டுச் சொல்லவும் அவனால் முடியாது. சக்தியே கடனாக மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு வடிவத்தை நான் பார்த்ததில்லை.

இந்தப் படத்தில் வரும் வங்கிக் காட்சியைப் பற்றி என் தொழிலை முன்னிட்டு ஒன்று சொல்ல வேண்டும். மே அத்தையின் கடன் விண்ணப்பத்தை மறுக்கும் அந்த அலுவலர் கெட்டவர் அல்லர். வருமானம் போதாத விண்ணப்பத்தை அவர் மறுப்பது முறைதான். ஆனால் கணக்குத் தொடங்கினால் தருவதாகச் சொன்ன ரொட்டி சுடும் கருவியையும் பணம் செலுத்தினால்தான் தருவோம் என்று அவர் சொல்லும்போது, நாற்காலியின் இந்தப் பக்கம் இருப்பவன் என்ற முறையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அதே மே அத்தைதான், வீடு கையைவிட்டுப் போகவிருக்கும் நேரத்தில், பிறந்தநாளுக்கென்று பீட்டரின் கையில் 20 டாலரைத் திணிக்கிறார், அவன் வாங்கத் தயங்கும்போது கோபப்படுகிறார். நம் ஊர் ஆச்சிமார் திருநாளுக்குப் பேரன் கையில் பணத்தைச் சுருட்டி வைக்கும்போது மறுத்துப் பாருங்கள், அந்தக் கோபம் எத்தகையது என்று தெரியும்.

2012இல் தொடங்கிய அடுத்த வடிவத்தில் துயரம் உண்டு, தரித்திரம் பெரிதாக இல்லை. 2017ஆம் ஆண்டுப் படத்துப் பையனுக்கோ டோனி ஸ்டார்க் என்ற கோடீசுவரர் உடையையே செய்து கொடுத்துவிடுகிறார். படங்கள் விறுவிறுப்பானவை, குறை சொல்லவில்லை. ஆனால் சட்டையையும் பிறர் தைத்துக் கொடுத்துவிட்டபின் வறுமையைப் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

2018இல் வந்த இரண்டு வடிவங்களைத் இதே விவாதத்தில் தென்காசித் தம்பி ஒன்றாகச் சேர்த்துப் பேசியிருந்தார். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே சரி. அந்த ஆண்டின் பிளேஸ்டேஷன் வீடியோ விளையாட்டில் வாடகை கட்டாததால் பீட்டரை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார்கள், அவன் பொருள்கள் குப்பை வண்டியில் போகின்றன, மே அத்தை வேலை செய்யும் ஆதரவற்றோர் இல்லத்தில் அவன் படுத்துறங்குகிறான். இது 2004ஆம் ஆண்டுக் கணக்கின் தொடர்ச்சி. அசைவூட்டப் படத்தில் வரும் பீட்டர் பி. பார்க்கர் வேறு வகை. தொப்பை விழுந்து, மண முறிவு ஏற்பட்டு, உணவகம் ஒன்றில் போட்ட பணத்தையும் தொலைத்துவிட்டு, நடுவயதில் தனியறையில் கிடப்பவன். அவனைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவனைச் சாய்த்தது ஊர்க் கடமை மட்டுமல்ல, தகப்பனாகப் பயந்த பயமும் அதில் பாதி. எனினும் சங்கத்தில் நான் அடிக்கடி சந்திப்பது இவனைத்தான். முதல் கடன் வியாபாரத்துக்கு, இரண்டாம் கடன் முதல் கடனின் வட்டிக்கு என்று கையெழுத்துப் போடுபவர்கள், அந்தப் படத்தின் இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸைப் போன்ற ஒரு சின்னப் பையன் வந்து தட்டியெழுப்பினால் தேறிக்கொள்ளக்கூடியவர்கள்தாம்.

2021ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில், கோடீசுவரரின் துணை பெற்ற அதே பையனை உலகமே மறந்துவிடுகிறது. சிறிய வாடகை அறை ஒன்றில் குடிபுகுந்து, பள்ளிப் படிப்புக்கு இணையான சான்று பெற எழுதும் தேர்வுக்கான புத்தகத்தை வைத்துக்கொண்டு, தன் உடையைத் தானே தைத்துக்கொள்கிறான். இவனைப் பற்றி இங்கு இதுவரை யாரும் எழுதவில்லை. அவனை அறிந்தவர் என்று ஒருவரும் மிஞ்சாத ஊரில், எந்தச் சான்றைப் பார்த்து அந்த வீட்டுக்காரர் அறையைக் கொடுத்தார் என்பதுதான் எனக்குள்ள சந்தேகம். கூர்ந்து பார்த்தவர்கள் யாராவது விளக்கினால் எங்கள் காசாளரிடமும் சொல்வேன்.