பழைய மாஸி 35, டாடா-பென்ஸ் லாரி: வாட்டர்கலரில் பழமை சரியாக வர என்ன செய்ய வேண்டும்?

தூரிகைமுனை (கேள்வி)

வணக்கம். ஏ3 அளவில் ஒரு வாட்டர்கலர் படம் போய்க்கொண்டிருக்கிறது. 300 ஜிஎஸ்எம் காட்டன் காகிதம், கோல்ட் பிரஸ்டு. ரைஸ் மில் களம், வேப்பமரத்தடியில் 1960-களின் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரி. அதற்கு முன்னால் முக்கால் கோணத்தில் சிவப்பு மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர்.

சிக்கல்கள்: டிராக்டர் பொம்மை மாதிரி தெரிகிறது, பின்சக்கரம் உடம்போடு ஒட்டவில்லை. வெயிலில் மங்கிய சிவப்பு என்று நீர் கூட்டினால் ரோஸ் நிறமாகிவிடுகிறது. துரு வைத்தால் சேறு தெளித்ததுபோல் இருக்கிறது. லாரியில் எந்தச் சின்னம், எப்படிப்பட்ட நம்பர் பிளேட் வரும் என்பதும் தெரிய வேண்டும். முடித்த பிறகு பிரிண்ட் போடும் எண்ணமும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டுச்சித்தன்

பொம்மைத்தனத்துக்குக் காரணம் அளவு விகிதம்தான். வண்ணத்தைத் தொடும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

மாஸி 35-இல் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 6 அடி. பின் டயர் ஏறத்தாழ 4 அடி உயரம், 6.00-16 முன் டயர் சுமார் இரண்டேகால் அடி. ஆக, பக்கவாட்டில் பார்த்தால் பின் டயர் உயரத்தில் ஒன்றரை மடங்குதான் மொத்த வீல்பேஸ் (இரு ஆக்ஸிலுக்கும் இடைத்தூரம்). பெரும்பாலான படங்களில் இது இரண்டு டயர் உயரத்துக்கு நீண்டுவிடும், முன் டயரும் பெரிதாகிவிடும். டிராக்டரின் குறுகிய, கட்டுக்குட்டான தோற்றம் போவது அங்கேதான்.

அடுத்து, இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் உறை மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியவை, அதுவே முதுகெலும்பு. பானெட்டுக்குக் கீழே நீளமாக இரண்டு சட்டம் வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். அங்கே இருக்க வேண்டியவை வேறு: முன் ஆக்ஸிலின் இரு முனையிலிருந்தும் பின்னோக்கி கியர்பாக்ஸ் பக்கம் போகும் ரேடியஸ் கம்பிகள், அவற்றை ஒட்டியே ஸ்டீயரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பிகள், அவையும் இரு பக்கமும் உண்டு. முன் ஆக்ஸில் ஒரே துண்டு அல்ல. நடுத்துண்டும் இரண்டு கைகளும் சேர்ந்தது. அகலத்தைக் கூட்டிக் குறைக்க வரிசையாகத் துளைகள் இருக்கும், கைகள் லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தத் துளைகளில் மூன்று நான்கைக் காட்டினாலே இது எந்த வண்டி என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பின்சக்கரம் ஒட்டாததற்கு நீள்வட்டத்தின் சாய்வு காரணம். நீள்வட்டத்தின் சிறிய அச்சு ஆக்ஸில் கோட்டின் மேலேயே விழ வேண்டும். முதலில் ஆக்ஸில் கோட்டை பென்சிலில் இழுத்து, அதற்குச் செங்குத்தாகப் பெரிய அச்சைப் போடுங்கள். டயருக்கு ஒரு நீள்வட்டம் போதாது. வெளித்தோள், உள்தோள், ரிம் விளிம்பு, நடுத்தட்டு எனக் குறைந்தது நான்கு நீள்வட்டங்கள் வேண்டும். நடுத்தட்டு ரிம்மைவிட உள்ளே தள்ளி இருந்தால் அதன் நீள்வட்டமும் அதே ஆக்ஸில் கோட்டில் உள்ளே நகர வேண்டும். ரிம்மின் மையத்திலேயே அதை வைத்தால் சக்கரம் தட்டையாகிவிடும்.

டயர் பட்டைகளில் தவறாதவர்கள் குறைவு. இடது, வலது பட்டைகள் சேர்ந்து 'V' வடிவில் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் அதன் முனை மேல்நோக்கி இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் கீழ்நோக்கி. பட்டையின் நடுமுனைதான் முதலில் மண்ணைத் தொட வேண்டும், மண் இரு பக்கமும் ஒதுங்கிப் போவதற்காக. இடது பட்டையும் வலது பட்டையும் நடுவில் நேருக்கு நேர் சேராது, ஒன்று விட்டு ஒன்று வரும். களத்து மண்ணில் டயர் தடம் வரைவதாக இருந்தால் அதில் முனை வண்டி வந்த திசையைக் காட்டும், போகும் திசையை அல்ல.

காவிக்கலவை

சிவப்புக்கு வருகிறேன். ரோஸ் வருகிறதென்றால் கையில் இருப்பது அலிசரின் அல்லது கிரிம்சன் வகையாக இருக்கும். நீலச்சாயல் உள்ள சிவப்பில் நீர் கூட்டினால் ரோஸ்தான் வரும். காட்மியம் ரெட் லைட் அல்லது பைரோல் ஸ்கார்லெட் வாங்குங்கள். மங்கிய பகுதிக்கு முதலில் நீர்த்த ரா சியன்னாவை ஒரு பூச்சு கொடுத்து முழுக்கக் காயவிட்டு, மேலே ஸ்கார்லெட் 4 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு கலந்து மெல்லியதாக இழுக்கவும். செங்கல் சாயலுடன் மங்கும். நிழல் பக்கத்துக்குக் கருப்பு வேண்டாம், பெரிலீன் மரூன் போதும். அது இல்லையென்றால் ஸ்கார்லெட்டோடு கொஞ்சம் அல்ட்ராமரைன்.

எங்கே மங்க வேண்டும் என்பதும் முக்கியம். வெயில் பெயின்ட்டின் பசையைச் சிதைக்கிறது. மேலே நிறப்பொடி மட்டும் சுண்ணாம்பு மாதிரி நிற்கிறது. ஆகவே பானெட்டின் மேற்புறமும் மட்கார்டின் உச்சியும் மங்கும், பக்கத் தகட்டில் சிவப்பு ஆழமாகவே இருக்கும். மங்கிய இடத்தில் பளபளப்பும் இருக்காது. அங்கே கூர்மையான வெள்ளை ஒளிக்கீற்று விட்டால் மங்கல் பொய்யாகிவிடும். கீற்றைப் பக்கத் தகட்டின் வளைவில் மட்டும் விடுங்கள்.

நிறப்பிரிவு: பானெட்டும் மட்கார்டும் சிவப்பு, எஞ்சின் முதல் பின் ஆக்ஸில் வரை அடர்சாம்பல், சக்கரம் வெள்ளி கலந்த சாம்பல். சாம்பலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் போதும். கோல்ட் பிரஸ்டு காகிதத்தின் குழிகளில் நீலம் மணல்மணலாகத் தங்கி, வார்ப்பிரும்பின் சொரசொரப்பு தானாக வந்துவிடும்.

துரு சேறாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒரே நிறம். புதுத் துரு ஆரஞ்சு, பழையது கரும்பழுப்பு. வெளி விளிம்பில் ரா சியன்னா, அது ஈரமாக இருக்கும்போதே உள்ளே பர்ன்ட் சியன்னா, பாதி காய்ந்ததும் நடுவில் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்த அடர்துளி. இரண்டு, இடம். நீர் தேங்கும் இடத்தில்தான் துரு பிடிக்கும்: மட்கார்டின் கீழ்மடிப்பு, தகடுகள் சேரும் விளிம்பு, போல்ட் தலையைச் சுற்றி. அங்கிருந்து கீழ்நோக்கி மட்டும் ஒழுகல் வரும். புகைக்குழாய் சூட்டில் பெயின்ட் இழந்து முழுக்கப் பழுப்பாகியிருக்கும். டீசல் மூடியைச் சுற்றித் துரு வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு அதைக் காக்கும். அங்கே தூசி ஒட்டிய கரும்படலம்தான் சரி. கால் படும் கிளட்ச் மிதியும் உட்காரும் இரும்பு சீட்டும் தேய்ந்து பளிச்சென்று இருக்கும். ஓடுகிற வண்டியா, ஓரங்கட்டிய வண்டியா என்பதை இந்தத் தேய்மானம்தான் சொல்லும். ஓடாத வண்டி என்றால் சீட்டிலும் துரு வையுங்கள்.

பாரவண்டிப்பிரியன்

லாரி விவரம். டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), டைம்லர்-பென்ஸ் கூட்டு 1954-இல் தொடங்கியது, 1969-இல் முடிந்தது. உங்கள் காலத்துக்கு முகப்பில் வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் சரி. அதற்குப் பின் வந்த வண்டி என்றால் டாடாவின் 'டி'. இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேஸியும் (அடிச்சட்டம்) பானெட் முகப்பும்தான் வரும். கேபினும் பாடியும் பட்டறையில் மரச்சட்டமும் தகடும் வைத்துக் கட்டியவை. அதனால் கேபினில் ஜெர்மன் வண்டியின் உருண்ட வளைவுகளை வரையாதீர்கள். தட்டையான இரட்டை முன்கண்ணாடி, நடுவில் ஒரு சட்டம், நெற்றியில் பெயர்ப்பலகை, பக்கத்தில் பலகை பலகையாகப் பாடி, கீழே கயிறு கட்டும் கொக்கிகள். தகடு நெளிந்த இடங்களில் ஒளிக்கோடு சற்று அலையட்டும், ஸ்கேல் வைத்து இழுக்க வேண்டாம்.

டயர் 9.00-20 என்று வைத்துக்கொண்டால் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். 4.2 மீட்டர் வீல்பேஸ் வண்டிக்கு நான்கு டயர் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி வரும். முன் வீல் தட்டு வெளியே புடைத்திருக்கும், பின்னால் இரட்டை டயரில் வெளிவீல் தட்டு உள்ளே குழிந்திருக்கும். ஒரே மாதிரி வீல்தான், பின்னால் திருப்பி மாட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி வரைந்தால் லாரி ஓட்டியவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

நம்பர் பிளேட்டில் 'டிஎன்' வேண்டாம், அந்த வரிசை 1989-க்குப் பிறகு வந்தது. மூன்று எழுத்து, பிறகு எண். மஞ்சள் பலகையும் பிற்காலத்தது. அப்போது வாடகை வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து.

பெயர்ப்பலகை எழுத்து கையால் எனாமலில் எழுதியது, தடித்த எழுத்துக்கு ஒரு பக்கம் நிழல் இருக்கும். எல்லா எழுத்துக்கும் நிழல் ஒரே பக்கம் விழ வேண்டும். முக்கால் கோணத்தில் எழுத்தின் உயரத்தோடு இடைவெளியும் தூரத்தில் குறுகும். பலகையைப் பாதி பாதியாக மூலைவிட்டம் போட்டுப் பிரித்துக்கொண்டால் கணக்குத் தப்பாது.

தூரிகைமுனை

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய கோடுகளையெல்லாம் அழித்துப் புதிதாகவே போடப்போகிறேன். எழுத்துக்கு மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் படாமல் மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) வைக்கலாமா? உரிக்கும்போது காகிதம் கிழிகிறது என்கிறார்களே.

காவிக்கலவை

காகிதம் ஈரமாக இருக்கும்போது வைத்தாலோ, வெயிலிலோ டிரையர் சூட்டிலோ காயவைத்தாலோ அது நாரோடு ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் காலையில் வைத்தால் அன்றே உரித்துவிடுங்கள். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்தால் மயிர் பாழாகாது. ஆனால் இவ்வளவு சிறிய எழுத்துக்கு அது விளிம்பை மழுக்கிவிடும். பலகையின் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, வெள்ளை குவாஷை (அடியில் உள்ள நிறத்தை மறைக்கும் நீர்வண்ணம்) பால் பதத்தில் கரைத்து 0 எண் தூரிகையில் எழுதுவது மேல். மாஸ்கிங்கை ஹெட்லைட் ஒளிப்புள்ளிக்கும் முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கோப்பு

பிரிண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. சாதாரண நான்கு வண்ண ஆஃப்செட்டில் ஸ்கார்லெட் சிவப்பின் சூடு பிடிபடாது, சற்று மந்தமாகும். ஒரே ஒரு புரூஃப் (சோதனைப் பிரதி) எடுத்து, அதை மூலப்படத்தோடு பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகு மீதியைப் போடுங்கள். குறைந்த பிரதிகள் என்றால் பிக்மென்ட் இங்க் பிரிண்டரில் காட்டன் காகிதம் நல்லது. ஏ4 ஸ்கேனரில் இரண்டு பாதியாக 600 டிபிஐயில் எடுத்து இணைக்கலாம். இரண்டு பாதிக்கும் ஆட்டோ கலர் கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் நிறம் மாறி நிற்கும்.

மூலப்படத்தை ஃபிரேம் போடும்போது மவுன்ட் அட்டை கட்டாயம். கண்ணாடியில் காகிதம் ஒட்டினால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.