மலாயாவில் ஜப்பான் சைக்கிள் படை: டயர் போனால் என்ன செய்தார்கள்?

ஒத்தையடிப்பாதை:
1941 டிசம்பர் 8-ல் பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட மலாயாவின் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோராவிலும் இறங்கிய ஜப்பான் படை, 1942 பிப்ரவரி 15-க்குள் சிங்கப்பூரையே பிடித்துவிட்டது. சைக்கிளில் வந்துதான் ஜெயித்தார்கள் என்கிறார்கள். டாங்கி, லாரி எல்லாம் வைத்திருந்தவர்களுக்குச் சைக்கிள் எதற்கு? அந்த வெயிலுக்கு டயர் தாங்குமா?

கடைக்காரன்:
சைக்கிள் கடை வைத்திருப்பதால் எனக்கு இதில் தனி ஆசை. சைக்கிளால் மட்டும் ஜெயித்தார்கள் என்பது கொஞ்சம் மிகை. 1942 ஜனவரி 7 அன்று மலாயாவின் சிலிம் ரிவர் என்ற இடத்தில் பிரிட்டிஷ் பக்கம் நின்ற இந்தியப் படைப்பிரிவுகளைச் சிதறடித்தது டாங்கிதான். வானமும் அவர்கள் கையில் இருந்தது. பின்வாங்குகிறவனை மூச்சுவிட விடாமல் துரத்தியதுதான் சைக்கிளின் வேலை. பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனால் லாரி இக்கரையிலேயே நின்றுவிடும். சைக்கிள்காரன் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்குவான், அக்கரையில் ஏறி மிதிப்பான்.

மலாயாவைப் பிடித்த ஜப்பான் தளபதி யமாஷிதாவின் 25-ஆம் படையில் திட்ட அதிகாரியாக இருந்த ட்சுஜி, டிவிஷனுக்குச் சுமார் 6,000 சைக்கிள் என்கிறார். கேரியரில் சுமார் 30 கிலோ மூட்டை, கீழே கொதிக்கும் தார் ரோடு. ட்யூப் வெடிக்காமல் என்ன செய்யும்? கம்பெனி என்ற ஒவ்வொரு படைக்குழுவுக்கும் இரண்டு பேராவது ரிப்பேருக்கென்றே இருந்தார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 வண்டி பார்த்தார்களாம். அதற்கும் நேரமில்லை என்றால் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். ராத்திரியில் அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டு, டாங்கி வருகிறது என்று எதிரிகள் பயந்து ஓடினார்களாம். இதுவும் ட்சுஜி சொன்னதுதான். மனிதர் பெரிய தற்பெருமைக்காரர், கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈயவயல்:
ரோட்டை விட்டுவிட்டீர்களே அண்ணே. மேற்குக் கரையில் ரப்பர் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் வெள்ளைக்காரன் போட்ட அருமையான தார் ரோடு அவனுக்கே வினையாகிவிட்டது. அப்புறம், போருக்கு முன்பே ஜப்பான் சைக்கிள்கள் மலாயாவில் மலிவாக விற்றன. அதனால் ஸ்பேர் பார்ட்ஸ் அங்கேயே கிடைத்தது. போதாததற்கு ஊர்க்காரர்களின் சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மூங்கில்:
போரில் சைக்கிளுக்கு இன்னொரு உதாரணம்: 1954-ல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த தியன் பியன் பூ சண்டைக்குச் சாமான் கொண்டுபோன வியட்நாம்காரர்கள் சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே போனார்கள். ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு மூங்கில் கட்டி, அதைப் பிடித்துத் திருப்புவார்கள். ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றினார்கள்.

ஒத்தையடிப்பாதை:
ரிம்மிலேயே ஓட்டினால் சக்கரம் கோணாதா?

கடைக்காரன்:
கோணும். நல்ல தார் ரோட்டில் நிதானமாகப் போனால் பழைய இரும்பு ரிம் கொஞ்சம் தாங்கும். கல் ரோடு என்றால் விளிம்பு நசுங்கி, ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிடும். அப்புறம் பெண்டு எடுத்தாலும் நிற்காது. திருப்பத்தில் பிரேக் பிடித்தால் ஆளே வழுக்கி விழுவார். நம்மிடம் வருகிறவர் என்றால் ரிம் மாற்றச் சொல்வேன். அவர்களுக்கு என்ன, கோணினால் அடுத்த ஊரில் யாருடையதையாவது பிடுங்கிக்கொள்ளலாம்.