நொடிக்கு 60 ஃபிரேம் பனி பெய்கிறதாமே!

தூரிகை:
வெண்பனி நேற்றுப் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து ஜிஃப் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கீழே "நொடிக்கு 60 ஃபிரேம், அதனால்தான் இவ்வளவு வழுவழுப்பு" என்று ஒரு வரி. அதைப் பார்த்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. ஜிஃப் அசைவது ஃபிரேம் என்கிற தனிப்படங்கள் மாறி மாறி வருவதால்தான். ஃபிரேமுக்கு ஃபிரேம் கொடுக்கும் டிலே, அதாவது அடுத்தது வரும்வரை காத்திருக்கும் நேரம், நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதுவும் முழு எண்தான். 2 போட்டால் 50 ஃபிரேம், 1 போட்டால் 100. நடுவில் 60 எங்கிருந்து வந்தது?

வெண்பனி:
மென்பொருளில் 60 கொடுத்துத்தான் கோப்பை எடுத்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

தூரிகை:
அது சொல்லாது. சத்தமில்லாமல் 2 என்றோ 1 என்றோ மாற்றிவிட்டுப் போய்விடும். 1 ஆகியிருந்தால் இன்னும் கூத்து. பிரவுசர்கள் 1-ஐ மதிப்பதில்லை, 10 என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் நொடிக்கு வெறும் 10 ஃபிரேம். கோப்பைத் திறந்து டிலே என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

முயல்குட்டி:
பண்டிகை வாழ்த்தில் யார் ஃபிரேம் எண்ணுகிறார்கள்? மரத்து விளக்குகள் ஒரேயடியாக மினுக்காமல் மூன்று கூட்டமாக மாறி மாறி எரிவதைப் பாருங்கள்.

வெண்பனி:
நன்றி முயல்குட்டி. செய்து பார்த்தவருக்குத்தான் அருமை தெரியும். போன வருடம் தூரிகை போட்ட மணியை யாரும் மறக்கவில்லையே? கறுப்புப் பின்னணியில் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை விளிம்பு!

தூரிகை:
ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. பாதி தெரிவது என்ற பேச்சே கிடையாது. வெள்ளைப் பின்னணிக்குச் செய்ததைக் கறுப்பில் ஒட்டியது நீங்கள். பேச்சை மாற்றாதீர்கள். 60.

கட்டங்கள்:
முதலில் அது ஜிஃப் இல்லை, கிஃப். கிராஃபிக்ஸில் வருகிற 'கி'.

ஓலை:
உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட்டே 2013-இல் விருது வாங்கியபோது 'ஜிஃப்' என்று திரையில் போட்டுக் காட்டினார்.

கட்டங்கள்:
பெற்றவர் என்ன பெயர் வைத்தால் என்ன, ஊர் கூப்பிடுவதுதான் நிலைக்கும்.

தூரிகை:
பெயர்ச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிவம் வந்தது 1987-இல், டிலே சேர்ந்தது 1989-இல். அன்றிலிருந்து நூறில் ஒன்றுதான். 60-தான் வேண்டுமென்றால் ஏபிஎன்ஜி என்கிற இன்னொரு அசையும் பட வடிவத்துக்குப் போங்கள். அங்கே 1-இன் கீழ் 60 என்று பின்னமாகவே எழுதலாம்.

வெண்பனி:
சும்மா பேசலாம். படம் 400 பிக்சல் உயரம், 40 ஃபிரேம். முன்வரிசைப் பனி ஃபிரேமுக்கு 10 பிக்சல் இறங்கும். பின்வரிசை 5, அதனால் அந்தப் படலத்தை 200 பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வரும்படி வரைந்தேன். கடைசி ஃபிரேம் முதல் ஃபிரேமோடு ஒட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம். இரண்டு இரவு வேலை.

தூரிகை:
வாங்க! 40 ஃபிரேம், வேகம் 60 என்றால் உச்சியிலிருந்து தரைக்கு முக்கால் நொடிகூட ஆகாது. அது பனியா, ஆலங்கட்டியா? நேற்று நான் பார்த்தபோது விழ நாலு நொடி ஆனது. 40-ஐ 4-ஆல் வகுங்கள். உங்கள் டிலே 1, பிரவுசர் அதை 10 ஆக்கியிருக்கிறது.

முயல்குட்டி:
இவர் கடிகாரம் வைத்தா பார்த்தார்?

வெண்பனி:
பார்க்கிறவர்களுக்கு வழுவழுப்பாக இருக்கிறது, போதும். அந்த வரியை எடுக்க மாட்டேன். புத்தாண்டுக்கு வாணவேடிக்கை வருகிறது, நொடிக்கு 120.

தூரிகை:
100-ஐ 120-ஆல் வகுத்துவிட்டு வாருங்கள். முழு எண் வந்தால் பேசலாம்.