பொருள்: ‘மென்வெள்ளை’யா, ‘தணிவெள்ளை’யா? சுவர்ப்பூச்சுக்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீடு திருத்துவோருக்காக நாம் எழுதிவரும் சுவர்ப்பூச்சுக் கையேட்டில் அடிக்கடி வரும் ‘சொஃப்ற் வைற்’ (soft white, கண்ணைக் கூசாத வெள்ளை) என்பதற்கு ‘மென்வெள்ளை’ போதும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து ஆசிரியை ‘பால்வெள்ளை’யை முன்வைத்தார். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள ஹாட்வெயார் கடைக்காரர்களிடமும் பெயின்ற் வேலை செய்பவர்களிடமும் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். இரண்டுமே பொருளைச் சரியாகச் சுட்டவில்லை. ஆகவே ‘தணிவெள்ளை’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த வெள்ளை எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. இன்றைய வெள்ளைப் பூச்சுக்கு வெண்மையையும் மறைக்கும் ஆற்றலையும் தருவது தைத்தானியம் ஈரொட்சைட்டு. அதன் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) ஏறத்தாழ 2.7 என்ற உயர்ந்த அளவில் இருப்பதால், தன்மேல் விழும் ஒளியை மிக வலுவாகச் சிதறடிக்கிறது. வெயில் நேராக விழும் அறையில் அந்தத் தூய வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். அதனோடு மஞ்சள் இரும்பு ஒட்சைட்டு, பழுப்பு மண் நிறமி, கரி நிறமி போன்றவற்றில் ஒன்றையோ இரண்டையோ மிகச் சிறிய அளவில் சேர்க்கும்போது கூச்சம் அடங்குகிறது. ஆனாலும் பார்ப்பவர் அந்தச் சுவரை வெள்ளை என்றே சொல்வார். நிறமி சேர்ப்பவர் செய்யும் வேலை முழுவதும் தணிப்பது ஒன்றுதான். சூடு தணிவது, சினம் தணிவது என்று நாம் அன்றாடம் ஆளும் அந்த வினையையே சொல்லின் முற்பகுதியாக வைத்தால், ஊறுகாய், சுடுசோறு என்பவற்றைப் போல வினைத்தொகையாகத் ‘தணிவெள்ளை’ இயல்பாக அமைகிறது.

‘மென்வெள்ளை’யில் எனக்குள்ள தடை, அது தொழிலிடத்தில் வேறொன்றைக் குறித்துவிடும் என்பதே. பூச்சுக்கடையில் மென்மை என்பது நிறத்தைப் பற்றிய பேச்சன்று. மினுக்கம் உள்ளதா, இல்லாததா என்ற மேற்பரப்பைப் பற்றிய பேச்சு. ‘மென்வெள்ளை’ கேட்பவருக்கு மினுக்கமற்ற தூய வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அதோடு, அமெரிக்கச் சந்தையில் 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி மின்குமிழ்களும் இதே ஆங்கிலப் பெயரால் விற்கப்படுகின்றன. மின்குமிழுக்கும் சுவருக்கும் ஒரே சொல்லை வைத்தால், குமிழின் ஒளியில் சுவர் நிறம் மாறித் தோன்றுவதை விளக்கும் அத்தியாயத்தை எழுதவே முடியாது. இளமஞ்சள், இளநீலம் என்ற வழக்கைப் பின்பற்றி ‘இளவெள்ளை’ என்று ஆக்கலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ‘இள’ என்பது நிறத்தை வெள்ளையை நோக்கி நகர்த்தும் முன்னொட்டு, வெள்ளைக்கே அதைச் சேர்த்தால் பொருள் நிற்காது.

‘பால்வெள்ளை’ நம் வழக்கில் பளிச்சென்ற வெள்ளையையே குறிக்கிறது. ‘தந்தநிறம்’ இந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர் மட்டுமே.

‘தணி’ என்றால் மங்கல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் மங்கல் என்பது பழமையாலும் அழுக்காலும் தானாக நேர்வது. தணித்தல் ஒருவர் நினைத்துச் செய்வது. இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவரும் உணர்வார் என்று நம்புகிறேன்.

இதனோடு வரும் துணைச்சொற்களையும் இப்போதே முடிவுசெய்ய வேண்டும். வெள்ளைக்குள் மெல்லத் தெரியும் வேறு நிறத்தைச் சுட்டும் ‘அண்டர்ரோன்’ (undertone) என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘அடிநிறம்’ வேலைத்தளத்தில் அடிப்பூச்சோடு குழம்பும். “கொஞ்சம் மஞ்சள் சாயலா இருக்கு” என்று மக்கள் ஏற்கெனவே சொல்வதால் ‘உட்சாயல்’ பொருந்துகிறது. இந்த உட்சாயல் சிறிய நிற அட்டையில் தெரிவதில்லை. தூய வெள்ளைக் கூரைத்தட்டுக்கோ குளியலறை டைல்ஸுக்கோ பக்கத்தில் வரும்போதுதான் வெளிப்படும். கொழும்பின் பழைய வீடுகளில் உள்ள சிவப்புச் சீமெந்துத் தரை, சுவரின் கீழ்ப்பாதியில் இளஞ்சிவப்பை ஏற்றிவிடும். யன்னலுக்கு வெளியே மரம் நின்றால் பச்சை ஏறும். நீலச் சாயல் வெள்ளையை அப்படியொரு தரைக்கு மேலே பூசியவர்களுக்குச் சுவர் ஊதாவாகத் தெரிவதன் காரணம் இதுதான். கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளைகளை ‘வெப்ப வெள்ளை’, ‘குளிர் வெள்ளை’ என்று பிரிப்பதையும் கைவிடுவோம். வெயிலைத் தடுக்கும் கூரைப்பூச்சு விற்கும் இதே கடைகளில், ‘வெப்ப’ என்ற அடைமொழி அறை சூடாகும் என்ற அச்சத்தையே தரும். மஞ்சட்சாயல் தணிவெள்ளை, சாம்பற்சாயல் தணிவெள்ளை என்று நிறத்தின் பெயராலேயே சொன்னால் தெளிவு. நேர் வெயில் படாத வட திசை அறைக்கு மஞ்சட்சாயல் வேண்டும் என்ற மேலை நாட்டு அறிவுரையும் இங்கே அப்படியே செல்லாது. கொழும்பு ஏறத்தாழ 6.9 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் உச்சம் கொடுக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வட பக்கமிருந்தே வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது பெரும்பாலும் கிழக்கும் மேற்கும்தான். அதிலும் கடலை நோக்கிய தொடர்மாடி வீடுகளின் மாலை வெயில்.

கடைசியாக அளவு. ஒரு பூச்சு எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையான எண்ணால் குறிக்கிறார்கள். 0 முழுக்கறுப்பு, 100 முழுவெள்ளை. தமிழ்நாட்டின் ‘எதிரொளிப்பு’ நம் பாடநூல்களில் ‘தெறிப்பு’ என்பதால், இலங்கைப் பதிப்பில் ‘ஒளித்தெறிப்புப் பெறுமானம்’ என்றும், சென்னைப் பதிப்பில் ‘ஒளி எதிரொளிப்பு மதிப்பு’ என்றும் இருக்கட்டும்.

என் முன்மொழிவு வரையறை: “தணிவெள்ளை: சிறிதளவு நிறமியால் கூச்சம் குறைக்கப்பட்டு, வெள்ளையாகவே உணரப்படும் சுவர்ப்பூச்சு நிறம்; ஒளித்தெறிப்புப் பெறுமானம் பெரும்பாலும் 75க்கும் 88க்கும் இடையில் அமையும்.” கீழ் எல்லையை 70 ஆக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு, பூச்சுத் தொழிலில் உள்ளவர்கள் எழுதினால் அதன்படி திருத்துகிறேன்.