ஆகஸ்ட்டில் காதிஸ்: வெயிலுக்கு என்ன ஒயின், கூட என்ன சாப்பாடு?

தெற்குவாசல் எழுதியது:

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் குடும்பத்தோடு ஸ்பெயினில் காதிஸ் பக்கம் போகிறோம். சமையலறையோடு வீடு எடுத்திருக்கிறோம். நான் மீன், இறால் எல்லாம் சாப்பிடுவேன். மனைவி சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இருவருமே சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்போம். ஸ்பெயின் என்றால் எனக்குத் தெரிந்தது ரியோஹா சிவப்பு ஒயின்தான். நாற்பது டிகிரி வெயிலில் அதை நினைத்தாலே நாக்கு வறள்கிறது. சங்ரியா, பீர் தவிர வேறு என்ன இருக்கிறது? எந்தச் சாப்பாட்டுக்கு எது சேரும்?

பில்பாவோ பாலா எழுதியது:

அல்பரீன்யோ வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். வடமேற்கே கலீசியாவில் ரீயாஸ் பைஷாஸ் பகுதி வெள்ளை ஒயின். நல்ல புளிப்பு, லேசான உப்புச் சுவை. மட்டி, சிப்பி, வேகவைத்த ஆக்டோபஸ் எல்லாவற்றுக்கும் சேரும். இன்னும் லேசாக வேண்டுமென்றால் எங்கள் ஊர் சாகோலி: ஆல்கஹால் 11 சதவீதம் போலத்தான் இருக்கும், கொஞ்சம் நுரைக்கும். பாரில் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவார்கள். ஆலிவ், நெத்திலி, பச்சைமிளகாய் ஊறுகாய் மூன்றையும் குச்சியில் கோத்துத் தரும் 'கில்தா'வோடு குடித்துப் பாருங்கள்.

ஹெரெஸ் ராஜி எழுதியது:

பாலா சொன்ன இரண்டும் அருமையான ஒயின்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் காதிஸ் வரை வந்துவிட்டு அல்பரீன்யோ கேட்பது, திருநெல்வேலிக்குப் போய் மைசூர்பாகு கேட்கிற மாதிரி. நீங்கள் தங்கப்போகும் மாகாணத்திலேயே வெயிலுக்கென்று ஒரு வெள்ளை ஒயின் இருக்கிறது: மன்சானியா.

முதலில் வெயில். நாற்பதெல்லாம் உள்நாட்டிலிருக்கும் செவியா நகரில். காதிஸ் கரையில் கடல்காற்று காப்பாற்றிவிடும், கிழக்கேயிருந்து லெவாந்தே காற்று வீசும் நாட்களைத் தவிர.

மன்சானியா என்று லேபிளில் போட வேண்டுமானால் அது சான்லூக்கார் தெ பர்ரமேதா ஊரில்தான் முதிர வேண்டும். குவாதல்கிவீர் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடம் அது. பலொமீனோ திராட்சையில் ஒயின் செய்து, ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கு ஏற்றி, பீப்பாயை முழுதாக நிரப்பாமல் விடுவார்கள். மேலே ஈஸ்ட் ஒரு வெள்ளை ஆடையாகப் படரும். அதற்குப் பெயர் ஃப்ளோர். காற்று உள்ளே போகாமல் அது தடுக்கும். மிச்சமிருக்கும் சர்க்கரையையும் தின்றுவிடும். ஆற்று ஈரமும் கடல்காற்றும் இருப்பதால் சான்லூக்காரில் அந்த ஆடை வருடம் முழுக்கத் தடிமனாகவே நிற்கும். இதே முறையில் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ஹெரெஸில் முதிர்ந்தால் அது ஃபினோ, கொஞ்சம் கனமாக இருக்கும்.

பலொமீனோவில் புளிப்பு குறைவு. வாயைச் சுத்தமாக்குவது இனிப்பே இல்லாத அந்த வறட்சியும் உப்புக்கரிப்பும்தான். முதல் வாய் குடித்தவுடன் 'என்ன இது, பச்சை பாதாமும் மாவும் கலந்த மாதிரி' என்று தோன்றும். அப்படியே வைத்துவிடாதீர்கள். கூடவே ஒரு ஆலிவோ வறுத்த பாதாமோ கடியுங்கள், அப்புறம் தெரியும். சாப்பாடு இல்லாமல் இதைக் குடிப்பதில் அர்த்தமே இல்லை என்பது என் கட்சி.

சாப்பாட்டுக்கு வருவோம். சான்லூக்காரில் பாஹோ தெ கீயா என்று ஆற்றோரம் ஒரு வரிசை உணவகங்கள், எதிர்க்கரையில் தொஞ்ஞானா காடு. அங்கே உப்புநீரில் வேகவைத்த இறாலும் அரை பாட்டில் மன்சானியாவும் சொல்லிவிட்டு உட்காருங்கள். அடுத்து தொர்தியீத்தா தெ கமரோனெஸ்: கோதுமை மாவும் கடலைமாவும் கரைத்து, வெங்காயம், பார்ஸ்லி, பொடி இறால் போட்டுச் சுடும் மொறுமொறு வடை. வீட்டில் இறாலை விட்டுவிட்டுச் சுட்டால் உங்கள் மனைவிக்கும் ஆகும். வினிகரில் ஊறவைத்துப் பொரித்த சுறா, கசோன் என் அதோபோ, இன்னொன்று. வினிகர் பட்டால் பெரும்பாலான ஒயின்கள் செத்துவிடும், மன்சானியா தாங்கும். வினிகர் சேர்த்த குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோவுக்கும் இதையே ஊற்றச் சொல்வது அதனால்தான்.

சைவத்துக்கு அஹோப்ளாங்கோ: பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த வெள்ளைக் குளிர் சூப், மேலே திராட்சை. கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் கிடைக்கும். சீரகம் போட்ட கீரை கொண்டைக்கடலையும் கிடைக்கும், நம் நாக்குக்கு அந்நியமாகவே இருக்காது. சல்மொரெஹோ என்ற கெட்டியான குளிர்ந்த தக்காளி சூப் கேட்டால் மேலே ஹாமும் முட்டையும் தூவி வரும். 'சின் ஹமோன், சின் உவேவோ' (ஹாம் வேண்டாம், முட்டை வேண்டாம்) என்று முன்பே சொல்லுங்கள். சாலட்டில் டூனா கேட்காமலேயே வந்து உட்காரும், அதையும் கவனியுங்கள்.

நன்றாகக் குளிரவைக்க வேண்டும், 7 டிகிரி போல. வாளியில் வெறும் ஐஸ் போடாதீர்கள், தண்ணீரும் ஊற்றுங்கள், சீக்கிரம் குளிரும். கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்த பாட்டில் நாளாக ஆக மங்கிவிடும், அதனால் அரை பாட்டிலாக வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் முழு பாட்டிலே பத்து யூரோவுக்குள் கிடைக்கும்.

மதியம் கடற்கரைக்கு 15 சதவீதம் அதிகம். அப்போது தின்தோ தெ வெரானோ: சாதாரண சிவப்பு ஒயின் பாதி, லேசான இனிப்புள்ள சோடா பாதி, ஐஸ், எலுமிச்சைத் துண்டு. உள்ளூர்க்காரர்கள் குடிப்பது அதைத்தான். சங்ரியா குடம் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள் மேஜையில்தான் இருக்கும்.

தெற்குவாசல் எழுதியது:

ராஜி அக்கா, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். இது ஷெர்ரிதானே? ஒரு நண்பர் வீட்டில் குடித்தது இருமல் மருந்து மாதிரி இனித்தது. அப்புறம், ஒயினைத் தெளியவைக்க முட்டை சேர்ப்பார்களாமே, மனைவி கேட்கிறாள்.

ஹெரெஸ் ராஜி எழுதியது:

ஷெர்ரிதான், ஹெரெஸ் வட்டார ஒயின்களுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நண்பர் ஊற்றியது க்ரீம் வகையாகவோ பெத்ரோ ஹிமேனெஸாகவோ இருந்திருக்கும். பின்னது வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்வது, பாகு மாதிரிதான் இருக்கும்; வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றிச் சாப்பிடுங்கள். லேபிளில் மன்சானியா அல்லது ஃபினோ என்று இருந்தால் இனிப்பு துளியும் இருக்காது.

முட்டை விஷயம் உண்மை. இந்த ஊரில் பழைய நாளில் வெள்ளைக்கருவை வைத்துத்தான் தெளியவைத்தார்கள். மிஞ்சிய மஞ்சள்கருவைக் கன்னிமாடங்களுக்குக் கொடுக்க, அங்கே அதில் பிறந்ததுதான் தொசீனோ தெ சியேலோ என்ற இனிப்பு என்று சொல்வார்கள். உங்கள் மனைவி சாப்பிட முடியாது, நீங்கள் விடாதீர்கள். இப்போது களிமண் வகை ஒன்றையும் பயன்படுத்துகிறார்கள், ஜெலட்டின், மீன் பசையும் உண்டு. முட்டை, பால் மிச்சம் இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி; ஜெலட்டினுக்கும் மீன் பசைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 'வேகானோ' (விலங்குப் பொருள் எதுவும் சேராதது) என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. சான்லூக்கார் கடற்கரையில் ஆகஸ்ட்டில் குதிரைப் பந்தயம் நடக்கும், 1845 முதல் நடப்பது. கடல் உள்வாங்கும் மாலைகளில்தான் ஓட்ட முடியும், தேதி அதற்கேற்ப மாறும். உங்கள் வாரத்தில் வந்தால் பாஹோ தெ கீயாவில் மேஜையை இப்போதே பதிவு செய்யுங்கள்.