எல்டிஎல் 148, சர்க்கரையும் இருக்கிறது: ஸ்டாட்டின் அவசியமா?

செல்வி: அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 224, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 148, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 190. டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதினார். எண்ணெயைக் குறைத்தால் போதாதா, ஆரம்பித்தால் ஆயுள் முழுக்கப் போடணுமா என்று அப்பா அடம்பிடிக்கிறார்.

குமரன்: மொத்த எண்ணை விடுங்கள், எல்டிஎல்லைப் பாருங்கள். 2018 அமெரிக்க வழிகாட்டுதலின்படி 40 முதல் 75 வயதுக்குள் சர்க்கரை இருந்தால் எல்டிஎல் 70 இருந்தாலே ஸ்டாட்டின் தர வேண்டும், அப்பாவுக்கோ 148. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரித்துக்கொள்கிறது, அந்த உற்பத்தியைத்தான் மாத்திரை குறைக்கிறது. பெரும்பாலும் தொடர்ந்து போட வேண்டியதுதான்.

மீனா: சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் கூடவே வேண்டும் செல்வி. காரணமில்லாமல் கடுமையான தசைவலி வந்தாலோ சிறுநீர் கருத்துப்போனாலோ உடனே டாக்டரிடம் போங்கள். மற்றபடி யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

செல்வி: நன்றி. மறுபடி எப்போது டெஸ்ட் எடுக்கணும்?

குமரன்: 4 முதல் 12 வாரத்துக்குள்.