மறுமொழி: குவாத்தமாலா ‘வோத்தோ நூலோ’வுக்குத் தமிழ் என்ன? (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

‘வோத்தோ நூலோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு, அதாவது சீட்டு கெட்டதால் எந்த வேட்பாளருக்கும் சேராத வாக்குக்கு, தமிழ் தேடும் இழை மூன்று நாளாக ஓடுகிறது. மாணவர் இதழின் உலகப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அதனால் எல்லோருக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> ‘செல்லாத வாக்கு’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

தவறாகப் புரிகிறது, அக்கா. குவாத்தமாலா அதிபர் தேர்தலின் 2023 ஜூன் 25 முதல் சுற்று முடிவை அப்படிப் பெயர்த்துத்தான் வகுப்பில் காட்டினேன். முதலில் வந்த சாந்திரா தோரஸுக்குப் பதிவான வாக்கில் 16 விழுக்காடுகூட இல்லை. அவருக்கும் மேலே, 17 விழுக்காட்டைத் தாண்டி, ‘செல்லாத வாக்கு’. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், “இத்தனை பேருக்கும் ஓட்டுப் போடத் தெரியாதா சார்?” என்று கேட்டுவிட்டான்.

தெரியும். கருத்துக்கணிப்பில் முந்திய கார்லோஸ் பினேடா உட்படச் சிலரைக் களத்திலிருந்தே நீக்கிய கோபத்தில், வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்கள் நிறைய. இவ்வகை வாக்கு பாதியைத் தாண்டினால் தேர்தலையே திரும்ப நடத்தவேண்டும் என்கிறது அங்கே 2016-இல் வந்த சட்டத் திருத்தம். செல்லாக் காசுக்கு ஏது இந்த வலிமை?

> நோட்டா இருக்கிறதே!

அது வேறு. நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டா முதலில் வந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர் வென்றதாகத்தான் அறிவிப்பார்கள்.

> இலங்கையில் ‘நிராகரிக்கப்பட்ட வாக்கு’.

வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. நிராகரிப்பது யார் என்பதுதான் கேள்வி. அங்கே வாக்கை எண்ணுகிற அதிகாரி. குவாத்தமாலாவில் வாக்காளரே. செயப்பாட்டுவினை போட்டால் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார்.

> மறு என்றால் மறுத்தல். குறள் 957-இல் ‘மதிக்கண் மறு’, அதாவது கறை. மறுதேர்தலில் மீண்டும் என்ற பொருள். மூன்றும் ஒரு சொல்லில் அமைகிற ‘மறுவாக்கு’ இருக்க வேறெதற்கு?

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். அவ்வளவு அழகு. ஆனால் ‘மறுவாக்குப்பதிவு’ நாளிதழில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘மறுவாக்கு’ என்றால் மாணவர் அதைத்தான் நினைப்பார்கள். மறு, மாறு, மற்று ஒரே வேரா என்பதைத் தனி இழையில் பேசலாமே.

வெற்றுச் சீட்டுக்கு ‘வெற்று வாக்கு’ வேண்டாம், வெறும் பேச்சு என்று தொனிக்கிறது. ‘வெறுஞ்சீட்டு’ சரி. ‘இரண்டாம் சுற்று’க்கு யாரும் சண்டை போடவில்லை. ஆகஸ்ட் 20-இல் தோரஸை வென்ற பெர்னார்தோ அரேவலோவின் கட்சிப் பெயர் ‘செமியா’, அதாவது விதை. 160 இடப் பேரவையில் அதற்குக் கிடைத்தவை 23. பேரவைத் தேர்தல் முடிவுப் பட்டியலிலும் இதே ‘நூலோ’ வரிசை உண்டு என்பதால், சொல் இரண்டுக்கும் பொருந்தவேண்டும்.

இப்போதைக்கு என் முடிவு: கட்டுரையில் ‘மறுப்பு வாக்கு’. பட்டியலில் மட்டும் ‘செல்லா வாக்கு’, ஏனென்றால் கைதவறிக் கெட்டவையும் அதில் கலந்திருக்கின்றன. ஐந்து பேர் சரி என்றிருக்கிறீர்கள்.

———

தம்பி,

அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் ஒரே சீட்டுக்குக் கட்டுரையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர் என்பதை ஏற்க முடியவில்லை. கோபத்தில் கெட்டது எது, கைதவறிக் கெட்டது எது என்று எண்ணுகிறவருக்கே தெரியாதே! கறை இரண்டிலும் உண்டு. அதனால்தான் ‘மறு’ என்றேன். மாறு, மற்று பற்றி நாளை எழுதுகிறேன்.